அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து கோச்: ஒரு வேலையின் உள்கணக்கு

மார்ச் மாத நாக்அவுட் ஆட்டங்களை டிவியில் பார்ப்பவர்கள் ஒரு கோச்சை இரண்டு விஷயங்களை வைத்து எடைபோடுவார்கள்: கடைசி டைம்அவுட்டில் பலகையில் என்ன வரைந்தார், நடுவரிடம் எவ்வளவு கத்தினார். இரண்டுமே அந்த வேலையில் ஓரமான சமாச்சாரம். கூடைப்பந்து தெரியாதவர் யாரும் அந்த நாற்காலி வரைக்கும் வருவதில்லை. ஆட்ட அறிவு உள்ளே விடும், அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒருவர் 30 வருடம் நிலைப்பாரா, 4 வருடத்தில் காணாமல் போவாரா என்பதை வேறு விஷயங்கள் முடிவு செய்கின்றன. யாரிடம் வேலை பழகினார், முதல் தலைமைப் பொறுப்பாக எந்தக் கல்லூரியை ஏற்றார், யாரை அணியில் தக்கவைத்தார், ஒப்பந்தத்தில் என்ன எழுதிக் கையெழுத்துப் போட்டார் என்பவை அவை.

உள்ளே நுழைய வழிகள் சில உண்டு. மாணவ மேனேஜராகத் தண்ணீர் பாட்டிலும் துண்டும் தூக்கி, பயிற்சியில் ஸ்கோர் எழுதிப் பழகுவது ஒன்று. 2023-ல் ஃப்ளோரிடா அட்லாண்டிக்கை தேசியப் போட்டியின் இறுதி நான்குக்குக் கொண்டுபோன டஸ்டி மே, இண்டியானாவில் பாப் நைட்டிடம் மாணவ மேனேஜராக இருந்தவர். முதுகலை படித்துக்கொண்டே கிராஜுவேட் அசிஸ்டன்ட்டாக வேலை பார்ப்பது இன்னொன்று. அதில் படிப்புக் கட்டணம் கழியும், கைக்குச் சொற்பப் பணம் வரும். பள்ளிக்கூடத்திலிருந்து ஏறி வருவது மூன்றாவது. அலபாமாவின் நேட் ஓட்ஸ் மிச்சிகனில் உயர்நிலைப் பள்ளிக் கணக்கு வாத்தியார். டான் ஹர்லி நியூஜெர்சியில் ஒரு பள்ளி அணியை 9 வருடம் நடத்திவிட்டுத்தான் 2010-ல் வாக்னர் கல்லூரிக்கு வந்தார். பிராட் ஸ்டீவன்ஸ் 2000-ல் மருந்துக் கம்பெனி வேலையை விட்டுவிட்டு பட்லரில் சம்பளமில்லாமல் சேர்ந்தார். 2007-ல், 30 வயதில், அங்கேயே தலைமைக் கோச். 2010, 2011 இரண்டு வருடமும் தேசிய இறுதி ஆட்டம்.

இந்தக் கதைகளைக் கேட்டுவிட்டு உற்சாகமாகக் கிளம்புகிறவர்கள் கீழ்ப்படிச் சம்பளத்தையும் பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது. 1990-களில், கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. ஒரு வகைத் துணைக் கோச்சுக்கு வருடத்துக்கு 16,000 டாலர்தான் என்று உச்சவரம்பே போட்டது: கல்வியாண்டுக்கு 12,000, கோடைக்கு 4,000. அந்தக் கோச்சுகள் வழக்குப் போட்டு, 1998-ல் மேல்முறையீட்டிலும் ஜெயித்தார்கள். கடைசியில் 5.45 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. வரம்பு போய்விட்டது, ஆனால் கீழ்ப்படியில் பசி போகவில்லை. வீடியோ ஒருங்கிணைப்பாளர், ஆபரேஷன்ஸ் டைரக்டர் என்ற பதவிகளில் இருப்பவர்கள் பஸ், விமானம், ஓட்டல், ஆட்டத்துக்கு நான்கு மணி நேரம் முன் சாப்பாடு, வீடியோ வெட்டு என்று எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். முன்பெல்லாம் இவர்கள் மைதானத்தில் ஒரு வீரரிடம் முழங்கையை உள்ளே வை என்று சொன்னாலே விதிமீறல். 2023 ஜூலை முதல் மூன்று துணைக் கோச்சுகளோடு கூடுதலாக இரண்டு பேரைப் பயிற்சி தர அனுமதித்தார்கள். அந்த இரண்டு பேரும் ரெக்ரூட்டிங்குக்காக (வீரர்களைத் தேடிச் சேர்ப்பது) கல்லூரிக்கு வெளியே போக முடியாது என்பது அப்போதைய நிபந்தனை. இளைஞர்களுக்கு இது பெரிய கதவு. மைதானத்தில் நின்று கற்பிக்கும் வாய்ப்பு 5 வருடம் முன்னதாகவே கிடைக்கிறது.

துணைக் கோச்சின் பெயர் எதனால் வெளியே தெரியும்? இரண்டு காரணம்தான். ஒன்று, நல்ல வீரர்களைக் கொண்டுவருவார். இல்லையென்றால் அவர் தயாரிக்கும் ஸ்கவுட், அதாவது எதிரணி பற்றிய அறிக்கை, துல்லியமாக இருக்கும். முதலாவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், இரண்டாவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சீசனில் 30 சொச்சம் ஆட்டம். மூன்று துணைக் கோச்சுகள் இருந்தால் ஆளுக்குப் பத்து எதிரணி. எதிரணியின் கடைசி நாலைந்து ஆட்டத்தைப் பார்க்க வேண்டும். நவம்பர் ஆட்டங்களை ஜனவரியில் நம்பக்கூடாது, அதற்குள் ஆளும் மாறியிருக்கும், செட்டும் (ஒத்திகை பார்த்து வைத்த ஆட்ட வடிவம்) மாறியிருக்கும். பார்க்கும்போது மூன்று தனிப் பட்டியல் ஓட வேண்டும். முதலாவது, அவர்கள் ஓட்டும் செட்டுகளும் அவற்றுக்கான கூப்பாடும் கைச்சைகையும். இரண்டாவது, டைம்அவுட்டிலிருந்து திரும்பியதும் என்ன ஓட்டுகிறார்கள், பேஸ்லைனிலிருந்தும் (கூடைக்குப் பின்னாலுள்ள கோடு) பக்கக் கோட்டிலிருந்தும் பந்தை எப்படி உள்ளே போடுகிறார்கள் என்பது. மூன்றாவது ஆள்வாரியாக. இவர் வலதுபக்கம் எத்தனை தடவை போகிறார், இடது பக்கம் போனால் தானே முடிக்கிறாரா, நின்று ஃப்ளோட்டர் (மெல்ல உயர்த்திப் போடும் ஷாட்) போடுகிறாரா, பந்து கைக்கு வந்ததும் ஷூட் பண்ணுகிறாரா, ஒரு டிரிபிள் (பந்தைத் தரையில் தட்டுவது) தேவைப்படுகிறதா.

இவ்வளவையும் பார்த்துவிட்டு வீரர்களுக்குத் தருவது ஒரே ஒரு பக்கம். ஸ்கவுட் சொதப்புவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ராத்திரி கண்விழித்துச் சேகரித்த 14 செட்டையும் 19 வயதுப் பையன் தலையில் திணித்தால், அடுத்த நாள் அவன் யோசித்துக்கொண்டே நிற்பான், கால் நகராது. எதிரணி அதிகம் ஓட்டும் நாலைந்து ஆக்‌ஷன், ஒவ்வொரு வீரரைப் பற்றியும் ஒரு வரி, அவ்வளவு போதும். ‘இடது கைக்காரர், மூன்றடி தள்ளி நில், ஷூட் பண்ண விடு’ என்பது நல்ல வரி. ‘திறமையான ஆல்ரவுண்டர்’ என்பது ஒன்றுக்கும் உதவாத வரி.

அடுத்த முடிவு, பால் ஸ்கிரீனை, அதாவது பந்துக்காரரைத் தடுப்பவரின் வழியில் இன்னொரு வீரர் சுவராக நிற்பதை, எப்படித் தடுப்பது. டிராப் என்றால் நம்முடைய உயரமான வீரர் ஸ்கிரீனுக்குப் பின்னால் கூடைப் பக்கமாகவே இறங்கி நிற்பார். ரிம் காக்கப்படும், இடைத்தூர ஷாட்டைக் கொடுத்துவிடுவோம். கால் மெதுவான சென்டர் இருந்தால் இதுதான் பத்திரம். ஆனால் எதிரணி பாயின்ட் கார்டு (பந்தை நடத்திக்கொண்டு வருபவர்) ஸ்கிரீனைச் சுற்றி வந்ததும் நின்று மூன்று பாயின்ட் போடக்கூடியவர் என்றால் டிராப் தற்கொலை. ஹெட்ஜ் என்றால் உயரமானவர் பந்துக்காரரை நோக்கி வெளியே பாய்ந்து ஒரு விநாடி நிறுத்திவிட்டுத் திரும்ப வேண்டும். அந்த ஒரு விநாடியில் ஸ்கிரீன் போட்டவர் கூடையை நோக்கி ஓடுவார், எதிர்ப்பக்க மூலையிலிருப்பவர் உள்ளே வந்து அவரை முட்டி நிறுத்தியாக வேண்டும். ஹெட்ஜ் தோற்றால் திட்டு வாங்குவது பெரும்பாலும் பாய்ந்த ஆள். தப்பு செய்தது பெரும்பாலும் அந்த மூலைக்காரர்! வீடியோவைப் பந்திருக்கும் இடத்தை மட்டும் பார்த்து ஓட்டினால் இது கண்ணில் படாது.

எண்களும் ஸ்கவுட்டில் ஒரு பகுதி. ஆட்டத்துக்கு எத்தனை பாயின்ட் என்பது வேகத்தைச் சொல்லுமே தவிர தரத்தைச் சொல்லாது. பின்னாளில் நார்த் கரோலினாவில் பெயரெடுத்த டீன் ஸ்மித் 1950-களின் கடைசியிலேயே பொசெஷன் (பந்து ஒரு அணியிடம் இருக்கும் ஒரு முறை) கணக்கில் பார்க்க ஆரம்பித்தவர். கணக்கு சுலபம். ஷாட் முயற்சிகளிலிருந்து சொந்த மிஸ்ஸில் எடுத்த ரீபவுண்டை (தவறிய பந்தைத் திரும்பப் பிடித்தது) கழி, டர்ன்ஓவரை (ஷாட் போடாமலே பந்தை இழந்தது) கூட்டு, ஃப்ரீ த்ரோ முயற்சியை 0.475-ஆல் பெருக்கிக் கூட்டு. 58 ஷாட், 10 ரீபவுண்ட், 12 டர்ன்ஓவர், 18 ஃப்ரீ த்ரோ என்றால் 68.55 பொசெஷன். 72 பாயின்ட் எடுத்திருந்தால் பொசெஷனுக்கு 1.05. பிறகு புள்ளிவிவர நிபுணர் டீன் ஆலிவர் சொன்ன நான்கு காரணிகள்: ஷாட் தரம், டர்ன்ஓவர், ரீபவுண்ட், ஃப்ரீ த்ரோ லைனுக்குப் போவது. தோல்விக்குப் பிறகு ‘மனசு வைத்து ஆடவில்லை’ என்று சொல்லும் கோச் இந்த நான்கையும் முதலில் பார்த்துவிட்டுப் பேசினால், பல நாள் அந்த வாக்கியமே தேவைப்படாது.

அடுத்து பயிற்சி. சீசனில் வாரத்துக்கு 20 மணி நேரம், நாளுக்கு 4 மணி நேரம், ஒரு நாள் கட்டாய ஓய்வு. வெயிட் ரூமும் வீடியோவும் இந்தக் கணக்கில்தான் வரும். ஆட்ட நாள் எவ்வளவு நேரம் இழுத்தாலும் 3 மணி நேரமாகத்தான் எழுதுவார்கள். வாரத்துக்கு இரண்டு ஆட்டம் என்றால் 6 போய்விட்டது, மிச்சம் நான்கு நாளுக்கு 14. வெயிட், வீடியோ கழித்தால் மைதானத்துக்கு இரண்டு மணி நேரம் கிடைப்பதே பெரிது. ஜான் வுடன் யு.சி.எல்.ஏ.வில் நாள்தோறும் சின்ன அட்டைகளில் நிமிடக் கணக்காக எழுதிக்கொண்டு வருவார், எழுதிய நிமிடம் முடிந்ததும் அடுத்ததற்குப் போய்விடுவார். இன்றைக்கு அது எக்செல் ஷீட் ஆகியிருக்கிறது, சூத்திரம் அதேதான்.

105 நிமிடத் திட்டம் ஒன்றை இப்படிப் போடலாம். 8 நிமிடம் உடம்பைச் சூடாக்கிக்கொண்டே பாஸிங். 10 நிமிடம் வேகமாகத் திரும்பித் தடுப்பது: ஐந்துக்கு ஐந்து நிற்கும்போது கோச் இரண்டு தடுப்பாளர் பெயரைக் கூப்பிடுவார், அவர்கள் பேஸ்லைனைத் தொட்டுவிட்டுத்தான் ஓட வேண்டும், மற்ற மூன்று பேர் ஐந்து பேரைச் சமாளிக்க வேண்டும். 12 நிமிடம் ஷெல் டிரில். 10 நிமிடம் ஷூட்டிங். 20 நிமிடம் அரை மைதானத்தில் ஐந்துக்கு ஐந்து. 15 நிமிடம் எதிரணியின் செட்டுகளை ஸ்கவுட் டீம் ஓட்டிக்காட்ட அதைத் தடுப்பது. 20 நிமிடம் ஸ்கோரும் கடிகாரமும் வைத்த ஆட்டச் சூழ்நிலைகள். கடைசி 10 நிமிடம், மூச்சு வாங்கும்போது ஃப்ரீ த்ரோ. புதிய விஷயம் ஏதாவது இருந்தால் முதல் அரை மணி நேரத்துக்குள் வந்துவிட வேண்டும், களைத்த காலுக்குப் புதுப்பாடம் ஏறாது.

ஷெல் டிரில்லை எல்லோரும் செய்கிறார்கள், பாதிப் பேர் வீணடிக்கிறார்கள். நான்கு பேர் சுற்றி நின்று பாஸ் போட, நான்கு தடுப்பாளர்கள் இடம் மாறி நிற்பார்கள். பார்க்க அழகாக இருக்கும். யாரும் பந்தோடு உள்ளே பாயாததால் தடுப்பாளர் புள்ளியை மனப்பாடம் செய்கிறார், ஆட்டத்தைப் படிக்கப் பழகுவதில்லை. மூன்று பாஸ் முடிந்ததும் உண்மையான டிரைவ் வரட்டும். ரீபவுண்ட் கைக்கு வந்தால்தான் ஒரு ஸ்டாப் என்று எண்ணுங்கள், தொடர்ந்து மூன்று ஸ்டாப் எடுத்தால்தான் வெளியே வரலாம் என்று வையுங்கள். முதல் வாரம் ஒரு குரூப் 6 நிமிடம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அடுத்த வாரம் தானாகப் பேச ஆரம்பிப்பார்கள். கோச் நிறுத்தி விளக்குவது ஒரு தடவைக்கு 20 விநாடியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மற்ற 14 பேரும் குளிர்ந்துபோய் நிற்கிறார்கள் என்று அர்த்தம்.

ஆட்டச் சூழ்நிலைகளை ஒத்திகை பார்க்காத அணிகள் மார்ச்சில் மாட்டிக்கொள்ளும். மூன்று பாயின்ட் முன்னிலை, கடைசி ஏழெட்டு விநாடி, பந்து எதிரணியிடம். ஃபவுல் செய்வதா வேண்டாமா? செய்வது என்று முடிவெடுத்தால், பந்துக்காரர் முதுகைக் காட்டும்போதோ டிரிபிளில் இருக்கும்போதோ செய்ய வேண்டும், ஷாட்டுக்குக் கை உயர்ந்தபின் தொட்டால் மூன்று ஃப்ரீ த்ரோ. 2008 இறுதி ஆட்டத்தில் மெம்ஃபிஸ் மூன்று பாயின்ட் முன்னால் இருந்தது. ஃபவுல் விழவில்லை, 2.1 விநாடி மிச்சமிருக்க மரியோ சால்மர்ஸ் மூன்று பாயின்ட் போட்டார், ஓவர்டைமில் கன்சாஸ் 75-68 என்று ஜெயித்தது. ஆண்கள் ஆட்டத்தில் இன்னொரு சின்ன வித்தை உண்டு. டிவி ஆட்டங்களில் 16, 12, 8, 4 நிமிடங்களுக்குக் கீழே பந்து முதலில் நிற்கும்போது மீடியா டைம்அவுட் வரும். நட்சத்திர வீரரை அதற்குச் சற்று முன்னால் வெளியே எடுத்துவிட்டால், ஆட்டக் கடிகாரத்தில் ஒரு நிமிடம் செலவழித்து நிஜத்தில் நாலைந்து நிமிட ஓய்வு வாங்கலாம்.

ரெக்ரூட்டிங் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, அடிப்படை மாறிப்போய்விட்டது. முன்பு ஒரு பையனை 16 வயதில் பார்த்து, வீட்டுக்குப் போய் அம்மாவிடம் பேசி, சேர்த்து, நான்கு வருடம் வளர்ப்பது வழக்கம். 2018-ல், கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது. 2021-ல் ஒரு தடவை மாறினால் ஒரு வருடம் உட்கார வேண்டியதில்லை என்றார்கள், 2024-ல் எத்தனை தடவையும் மாறலாம் என்றார்கள். 2021 ஜூலையில் வீரர்கள் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்க அனுமதி. 2025 ஜூலை முதல், ஒரு வழக்குச் சமரசத்தை ஒப்புக்கொண்ட கல்லூரிகளே வீரர்களுக்கு நேராகப் பணம் தரலாம், முதல் வருட உச்சவரம்பு எல்லா விளையாட்டுக்கும் சேர்த்துச் சுமார் 2.05 கோடி டாலர். ஆண்கள் அணியில் 13 உதவித்தொகை என்றிருந்தது, அந்தக் கல்லூரிகளில் 15 பேர் என்ற அணி வரம்பாக மாறியது. இப்போது கோச் வருடா வருடம் தன் சொந்த வீரரையே மறுபடி ரெக்ரூட் செய்ய வேண்டும்.

போர்ட்டலில் ஆள் எடுப்பவர்கள் வழுக்குவது சின்ன லீகில் ஆட்டத்துக்கு 20 பாயின்ட் எடுத்தவரை அப்படியே நம்பி வாங்கும்போது. அங்கே பந்து எப்போதும் அவர் கையில். இங்கே அவர் மூன்றாவது ஆள். மூன்று பாயின்ட் சதவீதம் குறைந்த முயற்சிகளில் ஏமாற்றும், ஃப்ரீ த்ரோ சதவீதத்தைச் சேர்த்துப் பார்த்தால் ஷூட்டர் யார் என்பது தெளியும். ரீபவுண்டும் பிளாக்கும் ஒரு படி மேலே வந்தாலும் ஓரளவு கூடவே வரும் என்பது என் கட்சி.

இந்த மாற்றம் எல்லோருக்கும் ஒத்துவரவில்லை. வர்ஜீனியாவின் கோச் டோனி பென்னட் 2018-ல் யு.எம்.பி.சி. என்ற சின்னக் கல்லூரியிடம் 74-54 என்று தோற்றார். மார்ச் போட்டியின் ஒரு பிரிவில் முதல் தரவரிசை ஆண்கள் அணி, கடைசியான 16-ஆம் தரவரிசை அணியிடம் தோற்றது அதுதான் முதல் தடவை. அடுத்த வருடமே கோப்பை. அவ்வளவு அடிபட்டும் நின்றவர், 2024 அக்டோபரில், சீசன் தொடங்கச் சில வாரமே இருக்கும்போது, இந்தச் சூழலுக்கு நான் சரியான ஆள் இல்லை என்று சொல்லி விலகினார்.

இனி தலைமைப் பொறுப்பு. வுடன் யு.சி.எல்.ஏ.வுக்கு 1948-ல் வந்தார், முதல் கோப்பை 1964-ல், 16-ஆவது சீசனில். அதையும் சேர்த்து 12 வருடத்தில் 10. டீன் ஸ்மித்தின் கொடும்பாவியை 1965-ல் நார்த் கரோலினா மாணவர்களே தூக்கில் தொங்கவிட்டார்கள், அவர் முதல் கோப்பை வாங்கியது 1982-ல். மைக் ஷஷெவ்ஸ்கி ராணுவக் கல்லூரியில் கடைசி சீசனை 9 வெற்றி, 17 தோல்வி என்று முடித்துவிட்டு 1980-ல் டியூக்குக்கு வந்தார். முதல் மூன்று சீசன் 17-13, 10-17, 11-17. மூன்றாவது சீசன் வர்ஜீனியாவிடம் 109-66 என்று உதை வாங்கி முடிந்தது. விளையாட்டு இயக்குநர் டாம் பட்டர்ஸ் அசையவில்லை. 2022-ல் ஓய்வு பெறும்போது ஷஷெவ்ஸ்கிக்கு 1,202 வெற்றி, 5 கோப்பை. இந்தக் கதையைப் பொறுமையின் பெருமை என்று சொல்வார்கள். வேலை தேடுகிறவர் இதில் பார்க்க வேண்டியது பட்டர்ஸை. உங்களை எடுத்த இயக்குநர் இன்னும் எத்தனை வருடம் அந்த நாற்காலியில் இருப்பார் என்று விசாரிக்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். புது இயக்குநர் வந்தால் அவருடைய ஆளைத்தான் தேடுவார்.

விசாரிக்க வேண்டிய மற்றவை: துணைக் கோச்சுகளுக்கு மொத்தச் சம்பளப் பணம் எவ்வளவு, வீரர்களுக்குத் தர என்ன இருக்கிறது, நவம்பர், டிசம்பரில் எத்தனை காசு ஆட்டம் ஆடியாக வேண்டும். காசு ஆட்டம் என்றால் சின்னக் கல்லூரி பெரிய கல்லூரிக்குப் போய் உதை வாங்கிவிட்டு காசோலையோடு திரும்புவது. ஒரு ஆட்டத்துக்கு 1 லட்சம் டாலர் வரைகூடக் கிடைக்கும், அது பல இடங்களில் துறையின் பட்ஜெட்டுக்கே போகிறது. நாலைந்து தோல்வி ஏற்கெனவே உங்கள் கணக்கில் எழுதப்பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். மார்ச் போட்டிக்கு ஆண்கள் அணிகளைத் தேர்ந்தெடுக்கும் குழு பார்க்கும் நெட் (NET) என்ற தரவரிசையில், சொந்த மைதானத்தில் முதல் 30 அணி, பொது மைதானத்தில் முதல் 50, வெளியூரில் முதல் 75 அணியோடு ஆடுவதுதான் முதல் வகுப்பு ஆட்டம். பெரிய அணிகள் சின்ன அணியின் ஊருக்கு வருவதில்லை என்பதால், சின்னவர்களுக்கு அந்த வகுப்பில் வெளியூர்ப் பயணம்தான் வழி.

பெரிய வேலைக்கு அவசரப்படாதவர்களும் உண்டு. போ ரையன் பிளாட்வில் என்ற மூன்றாம் டிவிஷன் கல்லூரியில், விளையாட்டு உதவித்தொகையே இல்லாத இடத்தில், 4 தேசியப் பட்டம் வாங்கினார். விஸ்கான்சின் அவரை அழைக்கும்போது வயது 53. பெண்கள் பக்கம் பாட் சம்மிட் 1974-ல் 22 வயதில் டென்னசி அணியை ஏற்றபோது மாதச் சம்பளம் 250 டாலர். சீருடை துவைத்ததும் வேன் ஓட்டியதும் அவரே. முடிக்கும்போது 1,098 வெற்றி, 8 கோப்பை.

ஒப்பந்தத்தில் மேல் தொகையைப் பார்ப்பவர்கள் அதிகம். ஹர்லி 2024-ல் யூகானில் (கனெக்டிகட் பல்கலைக்கழகம்) போட்டது 6 வருடம், 5 கோடி டாலர் என்று செய்தி வரும். கையெழுத்துப் போடுகிறவர் பார்க்க வேண்டியது மூன்று ஷரத்து. நீக்கினால் மிச்ச வருடங்களுக்கு எத்தனை சதவீதம் வரும், அது ஒரே தவணையா மாதா மாதமா? இடையில் வேறு வேலை கிடைத்தால் அந்தச் சம்பளத்தைக் கழித்துக்கொள்வார்களா? ‘தகுந்த காரணத்துக்காக’ நீக்கலாம் என்ற ஷரத்தில் எதெல்லாம் காரணம்? இந்த மூன்றாவதில்தான் கழுத்து மாட்டும். துணைக் கோச் செய்த விதிமீறலுக்கும் தலைமைக் கோச்தான் பொறுப்பு என்பது என்.சி.ஏ.ஏ. விதி, எனக்குத் தெரியாது என்பது பதிலாகாது. வீரர்களின் படிப்பும் அப்படித்தான். ஒவ்வொரு பருவத்திலும் தகுதியோடு இருந்தால் ஒரு புள்ளி, கல்லூரியில் தொடர்ந்தால் ஒரு புள்ளி என்று 1,000-க்குக் கணக்கிடுவார்கள், 930-க்குக் கீழே போனால் தண்டனை. 2011-ல் சாம்பியனான யூகான் இதனால்தான் 2013 போட்டியில் ஆட முடியாமல் போனது.

துணைக் கோச்சுக்கு இந்தப் பாதுகாப்பு ஏதும் பெரிதாகக் கிடையாது. பெரும்பாலும் ஓரிரு வருட ஒப்பந்தம். தலைமைக் கோச் நீக்கப்பட்டால் அவருக்குப் பெரும் தொகை வரும், இவருக்கு ஜூன் வரை சம்பளம் வந்தால் உண்டு. கோச் மாறினால் வீரர்களுக்குத் தனியாகப் போர்ட்டல் அவகாசம் உண்டு என்பதால், அணி கலைய ஒரு வாரம் போதும். புதிதாக வருபவர் பழைய ஆட்களில் ஒருவரை வைத்துக்கொண்டால், அது அநேகமாக அந்த வீரர்களைத் தக்கவைக்கக்கூடியவராக இருக்கும். ஆகவே மார்ச் முதல் வாரத்திலேயே, அணி இன்னும் ஆடிக்கொண்டிருக்கும்போதே, ஸ்கவுட் ஷீட்டுகள், வீடியோ வெட்டுகள், தான் கொண்டுவந்த வீரர்களின் பட்டியல் மூன்றையும் சொந்தக் கணினியில் அடுக்கி வைத்திருப்பார்கள் அனுபவசாலிகள். தலைமைக் கோச்சுக்கும் இது தெரியும், யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.